வேகக் கார் ஏன் கீச்சிடுகிறது?

பெங்களூரில் சிக்னலுக்குப் பஞ்சமில்லை; விலை உயர்ந்த கார்களுக்கும் பஞ்சமில்லை. சிவப்பு விளக்கு விழுந்ததும் பழைய டாக்சி ஒன்று சத்தமின்றி வந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் முக்கால் கோடி ரூபாய் பெறும் வேகக் கார் ஒன்று, "கீ...ச்" என்று ஊரையே கூப்பிட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்க்கிறார். காருக்குள் இருப்பவரின் முகம் சிவக்கிறது.

மறுநாள் கார் பட்டறைக்குப் போகிறது. "என்ன செலவானாலும் சரி, இந்தச் சத்தம் நிற்க வேண்டும்" என்கிறார் சொந்தக்காரர். சத்தம் நின்றும் விடுகிறது. எதைக் கழற்றி எதைப் போட்டதால் நின்றது என்று அவர் கேட்பதில்லை. அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்விட்டு, கூடலூர் வழியாக இறங்கும்போது கருகிய வாடை வருகிறது. பெடல் கல் மாதிரி இருக்கிறது. எவ்வளவு மிதித்தாலும் வண்டியின் வேகம் குறைய மறுக்கிறது. அப்போது அந்தப் பழைய கீச்சொலி அவர் நினைவுக்கு வந்தால் ஆச்சரியமில்லை.

இது கற்பனைதான். ஆனால் சத்தத்தை நிறுத்துவது ஒன்று, பிரேக்கைச் சரி செய்வது வேறு என்பதைப் பல வேகக் கார் சொந்தக்காரர்கள் அறியாதிருப்பது கற்பனையல்ல.

சக்கரத்துக்குள் ஒரு சேகண்டி

வேகக் கார்களின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை இடுக்கிபோல் கவ்வி நிற்கும் பாகம் காலிப்பர். காலிப்பருக்குள், தட்டின் இரு புறமும் உரசக் காத்திருக்கும் கட்டைகள் பேட். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயின் அழுத்தம் பேட்களைத் தள்ளுகிறது. பேட்கள் தட்டை இறுக்குகின்றன, வண்டி நிற்கிறது.

கோயிலில் அடிக்கிற சேகண்டியும் ஒரு வட்டத் தட்டுதான். கோலால் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கிறது. காரின் டிஸ்க்கையும் கழற்றித் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். தட்டத்தான் வேண்டும் என்பதில்லை, உரசினாலும் போதும். பிடில் வாசிப்பவர் வில்லை இழுக்கும்போது நடப்பது அதுதானே? வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது. ஓர் அளவுக்கு மேல் தாங்காமல் தந்தி நழுவுகிறது. மறுபடி பற்றுகிறது, மறுபடி நழுவுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடந்து அது ராகமாகிறது.

பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே இதே மாதிரியான இழுபறி நடக்கிறது. பேட், காலிப்பர், தட்டு மூன்றும் சேர்ந்து அதிர ஆரம்பிக்கின்றன. அந்த அதிர்வு நொடிக்கு ஆயிரத்திலிருந்து பதினாறாயிரம் தடவை வரை போகும்போது காது கூசுகிற கீச்சொலி பிறக்கிறது. தட்டு அதிரும் தூரம் கண்ணுக்கே தெரியாது. அதனால் பிரேக்கின் பிடி குறைந்து விடுவதும் இல்லை. தட்டை வார்ப்பிரும்பில் செய்வதற்கே இது ஒரு காரணம். அந்த இரும்புக்குள் இதழ் இதழாக இருக்கும் கரித்துணுக்குகள் அதிர்வை விழுங்குகின்றன. எஃகுக்கு அந்தக் குணம் குறைவு.

இந்தக் கீச்சொலி பலமாக மிதிக்கும்போது வருவதைவிட, மெல்ல மிதிக்கும்போதே அதிகம் வரும். வண்டி நிற்கப்போகும் கடைசிச் சில அடிகளில்தான் அதன் கொண்டாட்டம். முன்னால் பஸ், பின்னால் லாரி, மூன்றடிக்கு ஒரு தடவை பிரேக் என்று சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து போகிற காருக்கு இதைவிடத் தோதான இடம் எது?

தாமிரத்தில் தொடங்கிய தகராறு

டிஸ்க் பிரேக்கும் அதன் கத்தலும் ஒன்றாகப் பிறந்தவை. இங்கிலாந்தில் கார் தயாரித்து வந்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத் தட்டை அவர் தாமிரக் கட்டையால் உரச வைத்தார். உலோகத்தோடு உலோகம் உரசினால் கேட்க வேண்டுமா! காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1907ல் ஹெர்பர்ட் புரூட் என்பவர் கல்நாரைக் கொண்டு அதற்கு மருந்து கண்டார். சத்தம் அடங்கியது, பேட்டும் நீடித்து உழைத்தது. அவர் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, ஓர் எழுத்தைக் கூட்டி உண்டாக்கிய பெயர்தான் பெரோடோ. இன்றும் அந்தப் பெயரில் பேட்கள் விற்பனையாகின்றன.

டிஸ்க் பிரேக்குக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தது பந்தயம். 1953ல் பிரான்ஸ் நாட்டில் நடந்த லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்குடன் ஓடி முதலிடம் பெற்றது. 1955ல் சிட்ரோன் டி.எஸ். என்ற காரில் அது சாதாரண மக்களுக்கும் கிடைத்தது.

கல்நார்த் தூசி நுரையீரலுக்கு எமன் என்று தெரிந்த பிறகு, பல நாடுகள் அதைக் கைவிட்டன. அதன் இடத்தைப் பிடித்த கலவைகளில் தாமிரத் துகளுக்கு நல்ல மரியாதை இருந்தது. வெப்பத்தைக் கடத்தும், சத்தத்தையும் அடக்கும். முதலில் கத்திய தாமிரம் பிறகு கத்தலை அடக்க வந்தது வேடிக்கைதான். ஆனால் தேய்ந்து விழும் தாமிரத் தூள் மழை நீரோடு ஆற்றில் கலந்து மீன்களைக் கெடுக்கிறது என்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010ல் சட்டம் கொண்டு வந்தன. படிப்படியாகக் குறைத்து, 2025 முதல் புதிய பேட்டில் தாமிரம் அரை சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. உலகச் சந்தைக்குப் பேட் செய்பவர்கள் எல்லோரும் கலவையை மாற்ற வேண்டியதாயிற்று. சத்தம் என்ற பழைய பூதத்தோடு மறுபடியும் மல்லுக்கட்டு!

இந்தப் பூதத்தைப் பிடிப்பதற்கென்றே சோதனைச் சாலைகள் இருக்கின்றன. ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை ஊரான மொஹாகரைச் சுற்றியுள்ள மலைப் பாதைகளிலும், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நெரிசலிலும் கம்பெனிகள் வண்டிகளை ஓட்டி, எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் பிரேக் கத்துகிறது என்று ஒலிவாங்கி வைத்துக் குறித்துக்கொள்கின்றன. பேட், லைனிங் தயாரிப்பில் தமிழகத்துக்கும் நெடுநாள் அனுபவம் உண்டு. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962ல் தொடங்கியது. ரானே பிரேக் லைனிங் 1964ல் தொடங்கியது.

ஏழு லிட்டர் வெந்நீர்

டாக்சி சும்மா நிற்கிறது, வேகக் கார் மட்டும் ஏன் கத்த வேண்டும்?

பிரேக்கின் வேலை வேகத்தைச் சூடாக மாற்றுவது. 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கிலோ மீட்டர் வேகத்தில் வந்து நிற்கும்போது, பிரேக்கில் உண்டாகும் சூட்டைக் கொண்டு ஒன்றே முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரலாம். அதே கார் 200 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. கிட்டத்தட்ட ஏழு லிட்டர் தண்ணீர் கொதிக்கும்! அதுவும் அடுப்பில் வைத்து நிதானமாக அல்ல, சில நொடிகளுக்குள். பந்தயப் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் இப்படி ஒரு தடவை. டிஸ்க் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சகஜம்.

குடும்பக் காருக்குப் போடும் பேட்டில் நார்களும் பிசினும் அதிகம். மென்மையானது, சத்தம் குறைவு, தூசியும் குறைவு. ஆனால் அளவுக்கு மேல் சூடேறினால் பிசின் கருகும். பிடி விட்டுப் போகும். வேகக் காரின் பேட்டில் இரும்பு முதலிய உலோகத் துகள்கள் கூடுதல். சூட்டைத் தாங்கும், கடித்துப் பிடிக்கும். அப்படிக் கடித்துப் பிடிக்கிற குணம்தான் கீச்சொலிக்கும் விதை. பிடி கூடக் கூட அதிர்வுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. சக்கரத்தில் படியும் கறுப்புத் தூசியும் அதே குடும்பம்தான்.

பல பேட்களின் ஓரத்திலோ பின்புறத் தகட்டிலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்தாற்போல் அச்சடித்திருக்கும். அநேகம் பேர் அதைக் கவனிப்பதில்லை. முதல் எழுத்து மிதமான சூட்டில் பேட்டின் பிடியையும், இரண்டாவது எழுத்து நல்ல சூட்டில் அதன் பிடியையும் குறிக்கும். 'இ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை. 'எப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. 'ஜி' 0.45 முதல் 0.55 வரை, 'எச்' அதற்கும் மேல். முதல் எழுத்தைவிட இரண்டாவது எழுத்து கீழே இறங்கியிருந்தால், சூடேறியதும் பிடி தளரும் பேட் என்று தெரிந்துகொள்ளலாம். கடைக்காரர் "இது சத்தமே போடாது சார்" என்று எடுத்து நீட்டும் பேட்டில் இந்த எழுத்துகளைப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. பழைய பேட்டில் 'ஜி' இருந்து புதியதில் 'இ' இருந்தால், சத்தம் எப்படி நிற்கும் என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

பந்தயத்துக்கென்றே செய்த பேட்டின் கதை தனி. அவற்றில் சில, 200 டிகிரியைத் தாண்டிய பிறகே முழுப் பிடி காட்டும். காலையில் குளிர்ந்த பிரேக்கோடு புறப்பட்டு, முதல் சிக்னலில் மிதித்தால் கத்தவும் செய்யும், நிற்கத் தயங்கவும் செய்யும். "பந்தயப் பேட் போட்டிருக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு மல்லேஸ்வரத்துக்கும் ஜெயநகருக்கும் நடுவே ஓடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல

டாக்டரிடம் "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே, எப்போது என்று சொல்ல வேண்டும். பிரேக் சத்தமும் அப்படியே.

இரவு மழையில் நனைந்து நின்ற கார், காலையில் முதல் நான்கைந்து பிரேக்குக்குக் கரகரவென்று உரசிவிட்டுப் பிறகு அடங்கினால், அது டிஸ்க்கில் பூத்த துரு. பேட்டே அதைத் தேய்த்துத் துடைத்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

ஆட்டோமேடிக் காரில் சிக்னல் பச்சையானதும் பெடலை மெதுவாக விடும்போது "ம்ம்ம்..." என்று மாடு முனகுவது போல் வரும் சத்தமும் அநேகமாக ஆபத்தில்லாதது. பிடித்ததும் பிடிக்காததுமாக இருக்கும்போது வருவது அது. பெடலை முழுதாக விட்டால் போய்விடும். டிஸ்க்கில் துளைகளோ கோடுகளோ போட்ட கார்களில், வேகத்தில் மிதிக்கும்போது "விர்" என்று ஒலிப்பதும் இயல்புதான். பின்னால் எடுத்துவிட்டு முன்னால் போய் முதல் தடவை மிதிக்கும்போது ஒரே ஒரு "டக்" கேட்டால், பேட் தன் இருப்பிடத்தில் சற்றே நகர்ந்து உட்கார்கிறது என்று பொருள். காலிப்பரில் பேட்டை அமுக்கி வைக்கும் கிளிப் தளர்ந்திருக்கலாம்.

பிரேக் மிதிக்காமல் ஓடும்போதே சன்னமாகக் கீச்சிட்டால், உடனே பார்க்க வேண்டும். பல கார்களின் பேட்டில் சிறு எஃகு நாக்கு ஒன்று வைத்திருப்பார்கள். பேட் இரண்டு மூன்று மில்லி மீட்டருக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் பட்டுக் கத்தும். "என்னை மாற்று" என்று பேட் சொல்லும் சொல் அது. விலை உயர்ந்த ஐரோப்பியக் கார்களில் நாக்குக்குப் பதில் ஒயர் இருக்கும். டாஷ்போர்டில் விளக்கு எரியும். இந்த எஃகு நாக்கைச் "சத்தம் போடுகிறது" என்று மடக்கிவிடுகிற கைகாரர்களும் உண்டு. தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கூர்க்காவை வேலையை விட்டு நிறுத்துவது போன்ற காரியம் அது. சில சமயம் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சரளைக் கல் சிக்கியும் இப்படிக் கத்தும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மிதிக்க மிதிக்கக் "கர்ர்" என்று இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் வந்தால், பேட் தீர்ந்து அதன் பின்தகடு டிஸ்க்கை அறுக்கிறது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது. பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் இழுவை வண்டிதான் சரி. பேட்டின் விலையோடு போக வேண்டியது டிஸ்க்கின் விலையையும் சேர்த்துக் கேட்கும் என்பது ஒரு பக்கம். சக்கரம் நிற்காமல் போகலாம் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

ஸ்டியரிங்கும் பெடலும் உதறினால், "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஒட்டிக்கொள்வதால் வருவதுதான் அநேகம். தடிப்பில் 0.02 மில்லி மீட்டர் வேறுபட்டாலே காலுக்குத் தெரியும். நன்றாகச் சூடேறிய பிரேக்கைச் சிக்னலில் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பட்டறையில் என்ன நடக்க வேண்டும்?

சத்தம் என்று போனதும் பேட்டைக் கழற்றி, உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து, மறுபடி மாட்டி அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது. மேலே இறுகிப் பளபளவென்று ஆன பூச்சு போய், ஒரு வாரம் சத்தம் இருக்காது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி! காரணம் தீராத வரை கத்தல் திரும்பத்தான் செய்யும்.

காரணம் அநேகமாக உரசும் முகத்தில் இருப்பதில்லை. பேட்டின் முதுகிலும் ஓரங்களிலும் இருக்கிறது. பேட் சரிந்து நகரும் இடத்தில் துருவும் தூசியும் சேர்ந்து இறுகி, பேட் தாராளமாக நகர முடியாமல் சிக்கிக்கொள்கிறது. காலிப்பர் நகர உதவும் பின்கள் கிரீஸ் வற்றி ஒட்டிக்கொள்கின்றன. பேட்டின் முதுகில் ஒட்டியிருக்க வேண்டிய மெல்லிய ஷிம் தகடு காணாமல் போயிருக்கிறது. இரண்டு எஃகுத் தாள்களுக்கு நடுவே ரப்பர் வைத்தது போன்ற இந்த ஷிம்தான் அதிர்வை விழுங்குவது. பேட்டை மாற்றும்போது "இது எதற்கு?" என்று தூக்கி எறியப்படுவதும் பெரும்பாலும் இதுதான்.

நல்ல மெக்கானிக் முதலில் பேட் உட்காரும் இடங்களைக் கம்பிப் பிரஷால் துரு போகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் கழுவுவார். பெட்ரோல் ஊற்றிக் கழுவ மாட்டார். வாயால் ஊதியோ காற்றுக் குழாயைப் பிடித்தோ தூசியைப் பறக்கவிட மாட்டார். அது அவர் நெஞ்சுக்கே கேடு. பின்களுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் போடுவார். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறைகள் ஊதிப் போகும். பேட்டின் முதுகிலும் காதுகளிலும் பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸை மெல்லப் பூசுவார். உரசும் முகத்தில் ஒரு துளி பட்டாலும் அந்தப் பேட்டைத் தள்ளிவிட வேண்டியதுதான். சத்தம் நிற்க பேட்டின் முகத்திலேயே எண்ணெய் தடவுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? சத்தம் நிச்சயம் நிற்கும், வண்டிதான் நிற்காது.

பேட்டின் முன் விளிம்பைச் சற்றே சாய்வாக வெட்டியிருந்தால் கீச்சொலி குறையும். நல்ல பேட்கள் கம்பெனியிலேயே அப்படி வருகின்றன. டிஸ்க்கை லேத்தில் பிடித்துக் கடைவதும் ஒரு வழி. ஆனால் அதன் குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே ஓர் இழை போனாலும் கூடாது. கடையாமலே அந்த அளவைத் தொட்டுவிட்ட டிஸ்க்குகள் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன.

காலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிடுவது, மின்சாரக் கைப்பிரேக் உள்ள காரின் பின் காலிப்பரைக் கருவியால் இணக்காமல் பலவந்தமாகத் தள்ளுவது ஆகிய இரண்டும் கண்ணில் பட்டால் அந்தப் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போவதே நல்லது. வேலை முடிந்ததும் கார் நகருமுன் பெடலை நாலைந்து தடவை மிதித்து, அது கெட்டியாகிறதா என்று பார்க்க வேண்டும். புதுப் பேட் போட்டதும் முதல் மிதி வெறுமனே தரை வரை போகும். இதை மறந்து வண்டியைக் கிளப்பி எதிர்ச் சுவரில் முட்டியவர்கள் உண்டு.

புதுப் பேட்டுக்குப் பழக்கம்

புதுச் செருப்பு காலைக் கடிப்பது போல் புதுப் பேட்டும் டிஸ்க்கோடு பொருந்தச் சில நாள் ஆகும். அந்தப் பொருத்தத்தை முறையாகச் செய்துகொள்ளாததே வேகக் கார்களில் பாதிச் சத்தத்துக்குக் காரணம் என்று சொன்னால் மிகையல்ல. பேட்டின் பொருள் டிஸ்க்கின் முகமெங்கும் ஒரே சீராக, மெல்லிய படலமாகப் படிய வேண்டும். தோசைக் கல்லைப் பழக்குவது போல்தான். அவசரப்பட்டால் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

ஆளில்லாத நல்ல சாலையில், பின்னால் வண்டி வராதபோது, 80 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து 15 வரை அழுத்தமாக, ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் குறைக்க வேண்டும். முழுதாக நிறுத்தக் கூடாது. மறுபடி வேகமெடுத்து மறுபடி குறைக்க வேண்டும். இப்படி எட்டுப் பத்துத் தடவை. பிறகு பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். நிறுத்த நேர்ந்தால் பெடலை மிதித்தபடி நிற்கக் கூடாது. கொஞ்சம் வாடையும் புகையும் வரலாம். இது பொதுவான முறை. பேட் பெட்டிக்குள் கம்பெனி வைத்திருக்கும் சீட்டில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதுவே சட்டம். பகல் வேளையில் அவுட்டர் ரிங் ரோடில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குப் பின்னால் வருகிறவர் என்ன சொல்வார் என்பதை எழுத முடியாது!

மஞ்சள் காலிப்பர்

சில போர்ஷே கார்களின் சக்கரத்துக்குள் மஞ்சள் நிறத்தில் காலிப்பர் தெரியும். அதற்குள் இருப்பது இரும்பு டிஸ்க் அல்ல. கரி இழை கலந்த செராமிக் டிஸ்க். போர்ஷே 911 ஜி.டி.2 காரில் 2001 வாக்கில் வந்தது. இரும்பு டிஸ்க்கில் ஏறத்தாழப் பாதி எடை. எத்தனை சூட்டுக்கும் அசையாது. பெராரி கம்பெனி 2008 முதல் தன் எல்லாக் கார்களுக்கும் இதையே போட ஆரம்பித்தது.

இத்தனை விலை கொடுத்தால் சத்தமாவது இருக்காது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். குளிர்ந்திருக்கும்போதும் ஈரமாக இருக்கும்போதும் இவை நன்றாகவே கத்தும். இதில் லேத் வேலை கிடையாது, உப்புத்தாள் கிடையாது. சக்கரம் கழற்றும்போது விளிம்பில் பட்டுத் தெறித்தாலே டிஸ்க் பாழ். விலையோ லட்சக் கணக்கில். தெருமுனைப் பட்டறையில் இந்தச் சக்கரத்தைத் தொடவிடுவது தகாது. 2017ல் போர்ஷே மற்றொரு வழியையும் கொண்டு வந்தது: இரும்பு டிஸ்க்கின் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு. அதற்கு வெள்ளைக் காலிப்பர். தூசி மிக மிகக் குறைவு.

ஊருக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று

பெங்களூரிலிருந்து சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டு, சுமார் 300 கிலோ மீட்டர் ஓட்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் கார் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகிறவர்களும் உண்டு. அனுபவசாலிகள் இரண்டு ஜோடிப் பேட் வைத்துக்கொள்கிறார்கள். பாதைக்குப் போனதும் பந்தயப் பேட். திரும்புமுன் ஊர்ப் பேட். வேலை கொஞ்சம்தான். ஆனால் ஒரு பேட்டின் படலத்தின் மேல் வேறு பேட் உரசினால் அதுவே சத்தத்துக்கும் உதறலுக்கும் காரணமாகலாம். ஆகவே சிலர் டிஸ்க்கையும் ஜோடியாக மாற்றுகிறார்கள். அத்தனை தூரம் போக முடியாதவர்கள், வேகக் காரின் கம்பெனியே பொருத்தித் தரும் பேட்டோடு இருந்து, சிக்னலில் ஓரிரு கீச்சைப் பொறுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மலை இறக்கம் பந்தயப் பாதைக்குச் சளைத்ததல்ல. இறங்கும் வண்டிக்கு ஆற நேரமே கிடைப்பதில்லை. அங்கே பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேட் சூட்டில் பிடி இழந்திருக்கிறது. பெடல் மெத்தென்று ஆழத்துக்குப் போனால் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது. டாட் 4 என்ற வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீர் சேரச் சேரக் கொதிநிலை 155 வரைகூட இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை எண்ணெயை மாற்றச் சொல்வது அதனால்தான். எந்தக் கோளாறு என்றாலும் செய்ய வேண்டியது ஒன்றே: கியரைக் குறைத்து, ஓரங்கட்டி, பிரேக் தானாக ஆறும் வரை காத்திருப்பது. தண்ணீர் ஊற்றி ஆற்றினால் டிஸ்க் வெடிக்கலாம்.

பட்டறையில் பேட் மாற்றியதும், கழற்றிய பழைய பேட்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஒரு சக்கரத்தின் உள் பேட் தேய்ந்து வெளிப் பேட் அப்படியே இருந்தால், பின் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட் ஒரு பக்கம் சரிந்து ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தாலும் காலிப்பரில்தான் கோளாறு. முகம் கண்ணாடிபோல் பளபளத்தால், மெல்ல மிதித்தே ஓட்டிய கார். ஓரங்கள் வெளுத்து உதிர்ந்திருந்தால், தாங்க முடியாத சூட்டைக் கண்ட பேட். நான்கு பேட்களையும் வரிசையாக ஒரு பழைய பேப்பர்மேல் வைத்து மெக்கானிக்கிடம் காட்டி, "இது ஏன் இப்படி?" என்று கேட்டால் அவரும் குனிந்து பார்ப்பார்.